நீலத்தைத் தேடியவர்

மலர்க்குழு நண்பர்கள் போன் செய்து, இந்த வருட சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். நான் பார்க்கிற வேலையைப் பற்றியே எழுதித் தருகிறேன் என்றேன். நானோ துகள் பூச்சு, சூரிய மின்சாரம், மருத்துவம் என்று தலைப்புகூடச் சொல்லிவிட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அதெல்லாம் செமினாருக்குச் சரிப்பா, குடும்பத்தோடு வருகிறவர்கள் உட்கார்ந்து படிக்கிற மாதிரி ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதேன் என்று பிறகு பதில் வந்தது. யோசித்துப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்தே எழுதலாம் என்று தோன்றியது. எங்கள் தொழிலில் தினமும் ஒருவர் பெயரைச் சொல்லாமல் பொழுது போகாது. அவர் வாழ்க்கையைச் சொன்னால் என் வேலையும் அதில் தானாக வந்துவிடும்.

எங்கள் வீடு திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. ஆசிரமத்து மயில்களுக்கு எங்கள் தெரு மாடிகள் எல்லாம் சொந்த வீடு மாதிரி. மூன்று வருடத்துக்கு முன் மாடியில் சோலார் பேனல் வைத்தோம். வைத்த முதல் நாளே ஒரு மயில் அதன் மேல் ஏறி நின்றுகொண்டது. கீழே இருந்து பார்த்த அப்பா, மயிலும் நீலம், பேனலும் நீலம், இந்த பெயிண்ட் நம்ம ஊர் வெயிலுக்கு எத்தனை வருஷம் தாங்கும்டா என்று கேட்டார். அது பெயிண்ட் இல்லைப்பா என்றேன். பெயிண்ட் இல்லாமல் நீலம் எங்கிருந்து வரும் என்று திருப்பிக் கேட்டார். ஏறக்குறைய இதே கேள்வியை நூறு வருடத்துக்கு முன் ஒரு தமிழர் நடுக்கடலில் நின்று கேட்டார். அவர்தான் சர் சி.வி. ராமன்.

சிறு வயதில் எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. பள்ளியில் அறிவியல் ஆசிரியர் ராமன் விளைவு என்று சொன்னபோது, அது ரமணர் செய்த அற்புதம் என்றே நினைத்துக்கொண்டேன். பரீட்சையில் அப்படியே எழுதியும் வைத்தேன். வகுப்பே சிரித்தது. ரமண மகரிஷி 1896ல் திருவண்ணாமலைக்கு வந்தபோது ராமனுக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை. இருவருக்கும் பெயரின் ஓசையில் மட்டும்தான் உறவு. ஆனாலும் ரமணாசிரமத்து மயில்களையும் ராமனையும் பிரித்து நினைக்க இன்றுவரை எனக்கு வரவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ராமன் பிறந்தது 1888 நவம்பர் 7ஆம் தேதி, திருச்சிக்குப் பக்கத்தில் திருவானைக்காவலில். தகப்பனார் சந்திரசேகர ஐயர், தாயார் பார்வதி அம்மாள். தகப்பனாருக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைக்க, குடும்பம் அங்கே போயிற்று. வீட்டில் பணம் குறைவு, புத்தகம் அதிகம். பையன் பதினோரு வயதில் மெட்ரிகுலேஷன் தேறிவிட்டான். பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. 1904ல் பி.ஏ. முதலிடம், பௌதிகத்தில் தங்க மெடல். அடுத்து எம்.ஏ.

நம் எல்லோருக்கும் உறைக்க வேண்டிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. அந்தக் கல்லூரி லேபில் ஸ்பெக்ட்ரோமீட்டரை வைத்துப் பட்டகத்தின் கோணத்தை அளப்பது, எல்லா மாணவர்களும் செய்கிற சாதாரண ப்ராக்டிகல். அப்படி அளக்கும்போது சில ஒளிப் பட்டைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழாமல் கோணலாக விழுந்திருப்பதை அந்தப் பையன் கவனித்தான். கேட்ட ரீடிங் அதுவல்ல. மார்க்கும் அதற்கில்லை. ஆனாலும் அவன் அதை விடவில்லை. ஏன் என்று கணக்குப் போட்டு, கட்டுரையாக எழுதி லண்டனுக்கு அனுப்பினான். 1906 நவம்பரில் ஃபிலசாஃபிகல் மேகசின் இதழில் அது அச்சாயிற்று. அப்போது வயது பதினெட்டு.

நாம் என்ன செய்தோம்? முதலாமாண்டு பிசிக்ஸ் லேப் ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள் சோடியம் விளக்கு, டிராவலிங் மைக்ராஸ்கோப், நியூட்டன் வளையங்கள். வளையங்களை எண்ணி எண்ணிக் கண் பூத்துப் போகும். கடைசியில் சோடியம் ஒளியின் அலைநீளம் 5893 ஆங்ஸ்ட்ராம் வர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ரீடிங்கை அழகாக நிரப்பி, ரெக்கார்டில் கையெழுத்தும் வாங்கிவிட்டோம். நான் அப்படிச் செய்தேன் என்று இங்கே ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்கள் ஒப்புக்கொள்வது அவரவர் மனச்சாட்சி! அந்த வளையங்கள் மெல்லிய காற்றுப் படலத்தில் ஒளி தன்னோடு தானே கூடியும் கழிந்தும் உண்டாக்குகிற கோலம். சோறு போடப் போகிற தொழிலே அதுதான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

இப்போது ராமனுக்கு வருவோம். எம்.ஏ. முடித்த கெட்டிக்காரப் பையன்கள் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போவது அந்தக் கால வழக்கம். ஆனால் ராமனைப் பரிசோதித்த சென்னை சிவில் சர்ஜன், இந்த ஒல்லியான உடம்பு அந்த ஊர்க் குளிருக்குத் தாங்காது என்று சொல்லிவிட்டார். ஆகவே 1907ல் நிதித்துறைத் தேர்வு எழுதினார், முதலிடம். அந்த வருடமே லோகசுந்தரி அம்மாளைக் கைப்பிடித்தார். கல்கத்தாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரல் பதவி. பத்தொன்பது வயது நிரம்பாத பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம், நல்ல சம்பளம், பங்களா வாழ்க்கை. வேறு யாராக இருந்தாலும் அதோடு கதை முடிந்திருக்கும்.

ஆனால் பௌபஜார் தெருவில் 210ஆம் எண் கட்டடத்தில் ஒரு போர்டு தொங்கியது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876ல் ஆரம்பித்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். இடம் இருந்தது, கருவிகள் சில இருந்தன, வந்து உழைக்க ஆள்தான் அதிகம் இல்லை. ராமன் உள்ளே நுழைந்தார். ஆபீசுக்கு முன் காலையில் அங்கே, ஆபீஸ் விட்டதும் மறுபடி அங்கே. ஆஷுதோஷ் டே என்ற உதவியாளர் கூடவே இருந்தார். நடுவில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல் வந்தபோது வீட்டையே லேபாக்கிக்கொண்டார். பத்து வருடம் இப்படி இரட்டை வாழ்க்கை. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை ஆசுதோஷ் முகர்ஜி கொடுக்க முன்வந்தார். சம்பளம் அரசாங்க உத்தியோகத்தைவிடக் குறைவு. 1917ல் ராமன் போய்விட்டார். மாதத் தவணை கட்டுகிற நமக்கு இதன் கனம் தெரியும்.

1921ல் முதல் முறையாகக் கப்பலேறி இங்கிலாந்து போனார். திரும்பி வரும்போது, நார்குண்டா என்ற கப்பலின் மேல்தளத்தில் நின்று மத்தியதரைக் கடலைப் பார்த்தார். அப்படி ஒரு நீலம்! வானத்தின் பிரதிபலிப்பால்தான் கடல் நீலமாகத் தெரிகிறது என்பது ராலே பிரபு சொல்லிவைத்த விளக்கம். ராமன் கையில் நிக்கல் பட்டகம் என்கிற ஒரு சின்னப் படிகக் கருவி இருந்தது. சரியான கோணத்தில் பிடித்தால் நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தை அது தடுத்துவிடும். அதை வைத்து வானத்தின் பிரதிபலிப்பை நீக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. ஆகவே நீலம் மேலே இருந்து வந்ததல்ல, தண்ணீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதும் ஒரு காரணம் என்று முடிவுக்கு வந்தார். தண்ணீர் சிவப்பைக் கொஞ்சம் விழுங்கிவிடுவதும் இன்னொரு பெரிய காரணம் என்று இன்று தெரியும். ஆனால் பெரியவர்கள் சொன்னதைக் கண்ணால் சோதித்துப் பார்க்கலாம் என்ற துணிச்சல் அந்தக் கப்பலில் அவருக்கு மட்டும்தான் இருந்தது.

அந்த ஒரு கேள்வி அவரை ஏழு வருடம் இழுத்துக்கொண்டு போனது. திரவங்கள் வழியே ஒளியைச் செலுத்திப் பார்ப்பதே வேலை. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் உடன் உழைத்தார். சூரிய ஒளியைத் தொலைநோக்கி லென்சால் குவித்து, ஊதா நிற வடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் அனுப்பினார்கள். சிதறி வருகிற ஒளியைப் பச்சை வடிகட்டி வழியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியக்கூடாது. ஆனால் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தது! உள்ளே போன நிறத்தில் ஒரு துளி, வேறு நிறமாக மாறி வெளியே வந்தது. மூலக்கூறுகளின் அதிர்வு ஒளியிலிருந்து கொஞ்சம் சக்தியை எடுத்துக்கொள்வதால் வரும் மாற்றம் அது. எந்த மூலக்கூறோ அதற்கேற்ற மாற்றம், கைரேகை மாதிரி. 1928 பிப்ரவரி 28ஆம் தேதி அது உறுதியாயிற்று. அந்த நாளைத்தான் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். 1930ல் நோபல் பரிசு. அறிவியலுக்காக ஆசியாவுக்கு வந்த முதல் நோபல் அதுதான்.

பெரிய மனிதர் என்பதால் குறையே இல்லாதவர் என்று எழுதினால் அது ரெக்கார்ட் நோட்டை ஜோடித்த கதையாகிவிடும். 1933ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு முதல் இந்திய இயக்குநராகப் போனார். அங்கே கமலா பாக்வத் என்ற மாணவி ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தபோது, பெண் என்ற காரணத்தால் மறுத்தார். அந்தப் பெண் விடாமல் வாதாடி, நிபந்தனைகளோடு இடம் வாங்கினார். ஒரு வருடத்தில் அவர் வேலையைப் பார்த்து ராமன் மனம் மாறினார். கமலா சொஹோனி என்று பின்னால் புகழ்பெற்றவர் அவர்தான். ராமனுக்கு முன்கோபமும் பிடிவாதமும் அதிகம். கழகத்தில் சண்டை முற்றி 1937ல் இயக்குநர் பதவியை விட்டார். படிகங்களின் அதிர்வு பற்றி மாக்ஸ் பார்னோடு வருடக்கணக்காக மோதினார். அதில் காலம் பார்ன் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. ஆனால் எந்தச் சண்டையும் அவரை லேபிலிருந்து வெளியே தள்ளவில்லை. 1948ல் பெங்களூரிலேயே தன் பெயரில் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். 1954ல் பாரத ரத்னா.

பெங்களூர் வருடங்களில் அவர் ஆராய்ந்த பொருள்களைக் கேளுங்கள். சிப்பி, முத்துச்சிப்பியின் பளபளப்பு, வைரம், ஓப்பல், வண்ணத்துப்பூச்சி, பனங்காடையின் நீலச் சிறகு, மண்ணுக்குள் கிடந்து மக்கிப் போன பழங்காலக் கண்ணாடி. இவற்றில் பலவற்றில் நாம் பார்க்கிற நிறம் சாயத்தால் வருவதல்ல. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடுக்குகளும் நுண்ணிய அமைப்புகளும் ஒளியோடு விளையாடுவதால் வருவது. நானோ என்ற சொல் யார் வாயிலும் புழங்காத காலத்தில் இந்த மனிதர் அதன் வாசலில்தான் உட்கார்ந்திருந்தார் என்றால் மிகையாகாது.

இப்போது அப்பாவின் கேள்விக்குப் பதில். நீல ரகப் பேனலில் சிலிக்கான் செல்லின் மேல் சிலிக்கான் நைட்ரைடு என்ற பொருளை ஏறக்குறைய 75 நானோமீட்டர் கனத்துக்குப் படிய வைத்திருப்பார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். அந்தப் படலம் சூரிய ஒளியில் பெரும்பகுதியை உள்ளே அனுப்பிவிட்டு, கொஞ்சம் நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. நாம் பார்க்கிற நீலம் செல் வேண்டாமென்று ஒதுக்கியது! பெயிண்ட் இல்லாததால் வெளுக்கவும் வெளுக்காது.

அந்தச் செல்லுக்கு மேலே இருக்கிற கண்ணாடிதான் என் பிழைப்பு. சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் விழுகிற ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அடித்துவிடும். அதைக் குறைக்க, சிலிக்கா நானோ துகள்கள் கலந்த திரவத்தை ரோலர் வைத்துக் கண்ணாடியில் பூசி உலையில் சுடுகிறோம். துகள்களுக்கு இடையில் நுண்ணிய காற்று இடைவெளிகள் தங்கிவிடும். அந்தக் காற்று கலந்திருப்பதால் பூச்சு, காற்றுக்கும் கண்ணாடிக்கும் நடுத்தரமான பொருளாக நடந்துகொள்கிறது. கனம் 110 நானோமீட்டர் அளவில் சரியாக இருந்தால், பேனல் 2 முதல் 3 சதவீதம் கூடுதலாக மின்சாரம் தரும். கேட்க அற்பமாக இருக்கும். ஏக்கர் கணக்கில் பேனல் வைக்கிறவர்களுக்கு அது பெரிய பணம்.

சூரிய சக்தி என்றதும் ராமனின் மாணவி அன்னா மணியைச் சொல்லாமல் விட முடியாது. 1940ல் ராமனின் லேபில் சேர்ந்து வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்தவர். பிறகு வானிலைத் துறைக்குப் போய், இந்தியாவில் எங்கே எவ்வளவு வெயில் விழுகிறது என்று அளந்து, 1980களின் தொடக்கத்தில் புத்தகங்களாகக் கொண்டுவந்தார். நம் நாட்டு சூரிய மின் திட்டங்களுக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் அவர் ஒருவர்.

மருத்துவத்திலும் ராமன் இருக்கிறார். அவர் கண்ட ஒளி மிக மிக மங்கலானது. கோடிக்கு ஒன்று என்கிற கணக்கில்தான் நிறம் மாறி வரும். 1974ல் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தினர், சொரசொரப்பாக்கிய வெள்ளியின் மேல் ஒட்டிய மூலக்கூறுகளிலிருந்து அந்த ஒளி எதிர்பாராத அளவுக்குப் பலமாக வருவதைக் கண்டார்கள். தங்கம், வெள்ளி நானோ துகள் பூசிய தகடுகள் அதை லட்சக்கணக்கான மடங்கு பெருக்கிக் காட்டும் என்பது அதிலிருந்து தெரிந்தது. நோயின் அடையாளங்களை ஒரு துளி மாதிரியிலேயே கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிகள் இந்த வழியில் நடக்கின்றன. மருந்துத் தொழிற்சாலைகளில் மூட்டைக்குள் இருப்பது சரியான மூலப்பொருள்தானா என்று, பிளாஸ்டிக் பையைப் பிரிக்காமலே கையடக்க ராமன் கருவி சொல்லிவிடும். பூச்சு மாதிரிகளோடு நான் போகிற ஆய்வகத்திலும், காலையில் முதல் வேலையாக ஒரு சிலிக்கான் துண்டை வைத்து, 520 என்ற இடத்தில் கோடு வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால்தான் கருவியை நம்பலாம். ஒவ்வொரு நாளும் ராமன் பெயரைச் சொல்லித்தான் விடிகிறது.

சொந்தக் கதை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சில வருடம் முன்பு, மாதக் கடைசி. ஒரு பெரிய லாட் கண்ணாடி லாரியில் ஏறத் தயாராக இருந்தது. கண்ணாடியின் நடுவில் வைத்து எடுத்த ரீடிங் எல்லாம் கச்சிதம். நான் மத்தியானமே கையெழுத்துப் போட்டுவிட்டேன். சாயங்காலம் டீ குடிக்கப் போகும்போது சாய்ந்த வெயில் அந்த அடுக்கின் மேல் விழுந்தது. எல்லாம் மெல்லிய ஊதாவாகத் தெரிய வேண்டும். ஒரு ஓரம் மட்டும் லேசாக மஞ்சளடித்தது. மஞ்சள் என்றால் அங்கே பூச்சு மெலிந்திருக்கிறது என்று அர்த்தம்.

யாரும் கேட்கப் போவதில்லை. பேப்பரில் எல்லாம் சரி. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். 5893 வரவழைத்த அந்த ரெக்கார்ட் நோட்டுதான் ஞாபகம் வந்தது. பட்டகத்தின் கோணத்தை அளக்கப் போய், கேட்காத பட்டையைக் கண்டு நின்றுவிட்ட அந்தப் பையனும் ஞாபகத்துக்கு வந்தான். திரும்பிப் போய் என் கையெழுத்தை நானே அடித்தேன். பிரித்துப் பார்த்ததில் ரோலரின் ஒரு முனை தேய்ந்திருந்தது. இரண்டு நாள் உற்பத்தி போயிற்று. அந்த வருடம் எனக்கு இன்கிரிமென்ட்டும் போயிற்று. வருத்தம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம் வந்தது.

ராமன் 1970 நவம்பர் 21ஆம் தேதி காலமானார். தன் நிலையத்துத் தோட்டத்தின் நடுவிலேயே கடைசி மூச்சு விட வேண்டும் என்று விரும்பி, ஆஸ்பத்திரியை விட்டு அங்கே வந்துவிட்டார். தகனமும் அந்தத் தோட்டத்திலேயே, சடங்குகள் இல்லாமல் நடந்தது. சமாதி எழுப்பவில்லை. அந்த இடத்தில் ஒரு மரம் நிற்கிறது.

மயில் விஷயம் பாக்கி இருக்கிறது. மயில் இறகின் நீலமும் சாயமல்ல. இறகின் நுண்ணிய இழைகளுக்குள் மெலனின் என்ற கருமையான பொருளின் குச்சிகள், நானோமீட்டர் கணக்கில் சீராக வரிசை பிடித்து நிற்கின்றன. இடைவெளி கொஞ்சம் மாறினால் நீலம் பச்சையாகும். உதிர்ந்து கிடந்த ஒரு கண்ணை எடுத்து அம்மியில் நன்றாக அரைத்து அப்பாவுக்குக் காட்டினேன். நீலம் போய்விட்டது. பழுப்புப் பொடிதான் மிஞ்சியது. ஆசிரமத்துக்கு 1947ல் பரோடாவிலிருந்து ஒரு வெள்ளை மயில் வந்ததாக எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளை மயில்களை இன்றும் அங்கே பார்க்கலாம். மற்ற மயிலுக்கு இருக்கிற தோகைதான் அதற்கும், மெலனின் குச்சிகள் மட்டும் இல்லை. அதனால் நிறமும் இல்லை.

பொடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா வெகுநேரம் பார்த்தார். அப்புறம் மாடிக்குப் போய், மயில் எச்சம் விழுந்திருந்த பேனலைத் துணியால் துடைத்துவிட்டு வந்தார். இப்போதெல்லாம் யார் வீட்டுக்கு வந்தாலும் அது பெயிண்ட் இல்லை என்று விளக்குகிற வேலை அவருடையது.

சந்திப்பு நாளன்று எல்லோரும் பழைய பிசிக்ஸ் லேபுக்கும் ஒரு நடை போய்வரலாம் என்பது என் ஆசை. சோடியம் விளக்கு எரிகிற நிலையில் இருந்தால், இந்த முறையாவது அந்த வளையங்களை நிஜமாக எண்ணிப் பார்ப்போம். விடை 5893 வராவிட்டால் பரவாயில்லை, வந்ததை எழுதுவோம். மலர் சிறக்க வாழ்த்துகள்.